கேட்டால் அமுக்குங்கள்

அத்தியாயம் பதினான்கு

டீச்சர் வீட்டு வாசலில் அவளுடைய அண்ணன் காலையிலேயே காரும் கையுமாக வந்து நின்றதோடு போன வாரம் விட்டிருந்தோம். 'இதில் ஏதோ இருக்கிறது' என்று அப்போதே உங்களுக்குத் தோன்றியிருந்தால், நீங்களும் டீச்சர் கட்சிதான்.

இந்தக் கதைக்குள் இன்றைக்குத்தான் காலடி எடுத்து வைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. டீச்சரின் கணவர் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். தெருவே அவரைப் பீரங்கி என்றுதான் கூப்பிடும். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலும் சேர்ந்துகொண்டதால் அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. 'பீரங்கிச் சத்தத்தில்தான் என் காது போனது, அதற்கான ஊனப் பென்ஷனைக் கொடுங்கள்' என்று அவர் போட்ட மனு இரண்டு முறை தள்ளுபடியாகிவிட்டது.

அலுவலகம் சொன்ன காரணம் இது. பட்டாளத்தை விட்டு வெளியேறும்போது எடுத்த பரிசோதனையில் அவர் காது பழுதில்லாமல் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் மர அறுவை ஆலையில் வேலை பார்த்திருக்கிறார். ஆகவே காது ஆலையில்தான் போயிருக்க வேண்டும்.

அந்த ஆலை வேலையும் இப்போது இல்லை. பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் நின்றவரை யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார்கள். மறுநாளே, "உங்க உயிருக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார் முதலாளி. பென்ஷன் வந்தால் வீட்டுக்கு ஒரு பிடிமானம். அதோடு காதுக்கு நல்ல மெஷினும் வைத்தியமும் அரசுச் செலவில் கிடைக்கும். இன்று மதியம் மேல்முறையீட்டுக் குழு கூடுகிறது. இங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டால் இனிப் போய் முறையிட இடமில்லை.

குழுவின் முன்னால் போய் நிற்பதற்கு முன், காலையில் புதிதாக ஒரு காது பரிசோதனை. அதற்குத்தான் அண்ணன் காரோடு வந்திருந்தார்.

மனு இரண்டு முறை தள்ளுபடியானபோதும் எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன். போனில் கூப்பிட்டால், "சங்க வேலையா இருக்கேன்மா" என்று நழுவிய அண்ணன். இன்று துவைத்து மடித்த சட்டையும் வாய் நிறையச் சிரிப்புமாக வந்து நிற்கிறார். டீச்சருக்கு எங்கேயோ உதைத்தது.

"பஸ்ல ஏறி இறங்கி மாப்பிள்ளை கஷ்டப்படுவாரேன்னு வந்தேன்மா" என்றார் அண்ணன்.

"போன தடவையும் பஸ்லதான் போனோம்."

"அப்ப கார் ரிப்பேர்."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்ப காரே வாங்கலையே!"

எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. அதுதான் டீச்சருக்கு இன்னும் பிடிக்கவில்லை. வகுப்பிலும் அப்படித்தான். திக்கித் திணறுகிற பிள்ளையை நம்பிவிடுவாள். கேட்டதும் டாண் என்று பதில் சொல்கிற பிள்ளையைத்தான் இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்ப்பாள்.

"என்ன டீச்சர், மச்சானை வாசல்லயே நிக்க வெச்சு விசாரணையா? ஏறு, நேரமாச்சு!" என்று முழங்கினார் பீரங்கி. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அண்ணனும் பட்டாளம்தான். அதே படைப்பிரிவின் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்ததால் கம்பவுண்டர் என்று பெயர். அங்கே சிநேகிதனாகக் கிடைத்த பீரங்கியைத் தன் தங்கைக்குக் கட்டி வைத்ததும் அவர்தான். "உன் அண்ணன் எனக்குக் கொடுத்த ரெண்டுல ஒண்ணு நீ, இன்னொண்ணு காய்ச்சல் மாத்திரை. மாத்திரை கசக்கலை" என்பது பீரங்கியின் நிரந்தரக் கிண்டல்.

* * *

காது பரிசோதனைக் கூடம் ஒரு மாடியில் இருந்தது. அறைக்குள் இன்னொரு சின்ன அறை. கனமான கதவு, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே ஒரு நாற்காலி.

டெஸ்ட் எடுக்கும் பெண் இளவயதுக்காரி. பீரங்கியை உள்ளே உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். அவர் முகத்துக்கு நேராக நின்று, "சத்தம் கேட்டா அமுக்குங்க. ரொம்ப லேசாக் கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"எஸ் மேடம்!" என்றார் பீரங்கி. பட்டன் கைக்கு வந்ததும் உடம்பே விறைப்பாகிவிட்டது.

அந்தப் பெண் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பீரங்கியின் நாற்காலி பக்கவாட்டில் போடப்பட்டிருந்தது. மெஷினில் அவள் விரல் எப்போது அழுத்துகிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது அல்லவா? கண்ணாடி வழியாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெளி அறையின் எதிர்ச் சுவரும், அதை ஒட்டி இருந்த தண்ணீர் கேனும்தான்.

"கூட வந்தவங்க சத்தம் போடாம இங்கயே இருக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கம்பவுண்டர் உட்காரவில்லை. பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. "முதுகு வலிம்மா, நின்னாத்தான் சுகம்" என்று தண்ணீர் கேன் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

டெஸ்ட் ஆரம்பமானது. அந்தப் பெண்ணின் விரல் அழுத்தும்போதெல்லாம் ஒரு சத்தம் உள்ளே போகும். உள்ளே பீரங்கி பட்டனை அமுக்கினால் மெஷினில் பச்சை விளக்கு எரியும். விரல் அழுத்தியது, விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தியது, மறுபடி எரிந்தது.

டீச்சருக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடடே, மனுஷனுக்குக் கேட்கிறதே! அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. எப்படிக் கேட்கும்? நேற்று அவர் முதுகுக்குப் பின்னால் குக்கர் மூடி விழுந்து உருண்டபோது திரும்பிக்கூடப் பார்க்காதவர் ஆயிற்றே.

பரீட்சை ஹாலில் நடந்து நடந்து தேய்ந்த கால் அவளுடையது. பிட் அடிப்பதில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. இருமி விடை சொல்வது, பேனாவைத் திருப்பி வைப்பது, ஒரு தட்டு தட்டினால் முதல் விடை, இரண்டு தட்டினால் இரண்டாவது விடை. அவள் ஒருபோதும் எழுதுகிற பிள்ளையைப் பார்க்க மாட்டாள். எழுதுகிற பிள்ளை எங்கே பார்க்கிறது என்றுதான் பார்ப்பாள்.

பீரங்கி தண்ணீர் கேன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த கண் வாங்காமல்.

டீச்சர் மெல்லத் திரும்பினாள். கட்டியிருந்த கைகளுக்கு நடுவில், அண்ணனின் ஆள்காட்டி விரல் மட்டும் முழங்கைக்கு மேலே படிந்திருந்தது. மெஷின் முன்னால் அந்தப் பெண்ணின் விரல் அழுத்தியது. அண்ணனின் விரல் லேசாக உயர்ந்து இறங்கியது. உள்ளே பீரங்கி அமுக்கினார். பச்சை விளக்கு.

அழுத்தல், தட்டு, விளக்கு.

அவள் கத்தவில்லை. சந்தேகம் வந்த உடனே விடைத்தாளைப் பிடுங்கினால் பிள்ளை அழுது தப்பித்துவிடும். நன்றாக ஊர்ஜிதம் ஆகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அண்ணனின் கண் மெஷினை விட்டு அசையவில்லை. கணவரின் கண் அண்ணன் விரலை விட்டு அசையவில்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனால் யாரைப் பிடித்திருக்கிறாள், எதற்காக இந்தக் களவு என்பதுதான் புரியவில்லை. காது கேட்காது என்று நிரூபிக்க வந்த இடத்தில், காது கேட்க வைக்கப் பாடுபடுகிறார் அண்ணன்!

சத்தப் பரிசோதனை முடிந்து பேச்சுப் பரிசோதனை தொடங்கியது. ஹெட்போனில் ஒரு குரல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இதில் விரல் தட்டி ஒன்றும் ஆகாது. பீரங்கி அசடு வழியச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வரவில்லை.

அந்தப் பெண் இரண்டு முடிவுகளையும் பார்த்தாள். முகம் மாறியது.

"அம்மா, இது ஒத்துப்போகலையே. சத்தம் நல்லாவே கேக்குதுன்னு காட்டுது. ஆனா பேச்சு ஒண்ணுகூடப் புடிபடலை. அப்படி இருக்கவே இருக்காது."

"அப்படின்னா?"

அவள் தயங்கினாள். "பென்ஷனுக்காக சில பேர் கேக்காத மாதிரி நடிக்கிறது உண்டு. நான் அவரைச் சொல்லலை. ஆனா 'நம்பத்தகுந்ததல்ல'ன்னுதான் நான் எழுதியாகணும். குழுவுக்கு அது ஒரு வரி போதும்."

முப்பது வருஷம் மற்றவர் பிள்ளைகளின் திருட்டைப் பிடித்தவளிடம், 'உன் புருஷன் திருடன்' என்று நாசூக்காகச் சொல்கிறாள் ஒரு சின்னப் பெண். டீச்சருக்குக் காது மடல் சூடானது.

"எழுதாதீங்கம்மா. இன்னொரு தடவை எடுங்க. ரூம்ல நான் மட்டும் இருக்கேன்" என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பாமலே, "அண்ணா, நீ வெளில போய் நில்லு" என்றாள்.

"எதுக்கும்மா? நான் பாட்டுக்கு ஓரமா..."

"வெளில போ."

வகுப்பறைக் குரல் அது. கம்பவுண்டர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். எதற்கு என்று இரண்டாம் தடவை கேட்கவில்லை என்பதையும் டீச்சர் மனசில் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது பரிசோதனை. அந்தப் பெண்ணின் விரல் அழுத்தியது. பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். எரியவில்லை. பீரங்கி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்தபடி காத்திருந்தார். கேள்வித்தாளில் ஒன்றுகூடத் தெரியாத பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அப்படி.

சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள் அந்தப் பெண். ஓரிடத்தில் நிறுத்தி, டீச்சர் பக்கம் குனிந்து, "இப்ப உள்ள போறது கிட்டத்தட்ட லாரி ஹாரன் அளவும்மா" என்றாள்.

பீரங்கி அசையவில்லை.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. காது கேட்காது என்று தெரியும். அதற்காகக் கத்தியிருக்கிறாள், சலித்துக்கொண்டிருக்கிறாள், 'வேணும்னா மட்டும் கேக்கும் உங்களுக்கு' என்று குத்திக் காட்டியிருக்கிறாள். ஆனால் இவ்வளவு பெரிய அமைதிக்குள் இந்த மனுஷன் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று இன்றுதான் கண்ணால் பார்த்தாள். பாவி, ஒரு நாளாவது அவரை நம்பினோமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இந்த முறை இரண்டு முடிவுகளும் ஒத்துப்போயின. "முதல்ல எடுத்ததை என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தொந்தரவு இருந்துச்சுன்னு எழுதுங்க. இருந்துச்சு" என்றாள் டீச்சர்.

* * *

மாடிப்படி ஓரத்தில் அண்ணனை மடக்கினாள்.

"எத்தனை வருஷமா நடக்குது இது?"

"எதும்மா?"

"அண்ணா, நான் பிட் பிடிக்கிறவ. என்கிட்ட பூசி மெழுகாதே. தட்டுனியா இல்லியா?"

கம்பவுண்டர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். அது வேறு யாருடையதோ மாதிரி. "தானா போயிடுச்சும்மா. சத்தியமா. அந்த மெஷினைப் பார்த்ததும், மாப்பிள்ளை உள்ள உக்காந்திருக்கிறதைப் பார்த்ததும், கை பாட்டுக்கு..."

"பழக்கமில்லாம கை பாட்டுக்குப் போகாது."

அவர் படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

பீரங்கிப் படையில் காது போகாதவன் கிடையாது. வருஷா வருஷம் காது டெஸ்ட் வரும். தோற்றால் பீரங்கிப் பிரிவிலிருந்து பிரித்து எங்கேயோ ஸ்டோர் ரூமில் போட்டுவிடுவார்கள். அதனால் ஆஸ்பத்திரி உதவியாளன் சுவர் ஓரமாக நிற்பான். டாக்டர் அழுத்தும்போது கண்டும் காணாமல் விரலைத் தட்டுவான். உள்ளே இருப்பவன் அமுக்குவான். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. பீடி கைமாறுகிற மாதிரி அதுவும் ஒரு கைமாற்று.

"கடைசி டெஸ்ட்டும் அப்படித்தானா? வெளில வரும்போது எடுத்தது?"

அண்ணன் தலையாட்டினார். "அதுலதான்மா முக்கியமாத் தட்டினேன். காது போச்சுன்னு தெரிஞ்சா சும்மா விட்ருவாங்களா? மெடிக்கல் போர்டு, அது இதுன்னு மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில போட்டு வெப்பாங்க. நீ இங்க கைக்குழந்தையோட தனியாக் கிடந்தே. போன்ல அழுதே, ஞாபகமிருக்கா? 'இந்த வாரம் வரலன்னா இனி வரவே வேணாம்னு சொல்லிடு அண்ணா'ன்னு அழுதே."

டீச்சருக்கு ஞாபகம் இருந்தது. மறக்கிற அழுகையா அது?

"உனக்காகத்தான் அவரைப் பாஸ் பண்ண வெச்சேன்" என்றார் அண்ணன்.

அந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் உருகிப்போயிருப்பாள். டீச்சரும் கால்வாசி உருகத்தான் செய்தாள். ஆனால் மீதி முக்கால் அப்படியே நின்று யோசித்தது. அன்றைக்குத் தட்டியது தங்கைக்காக. சரி. இன்றைக்குத் தட்டியது யாருக்காக? ரெண்டு தடவை மனு தள்ளுபடியானபோதும் இதைச் சொல்லாமல் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்?

"அண்ணா, அந்த டெஸ்ட் பொய்னு நீ அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவருக்கு எப்பவோ பென்ஷன் வந்திருக்கும்."

"சொன்னா, பொய் டெஸ்ட்டுக்கு உடந்தை யாருன்னு வரும். என் முதுகு வலிக்கு வர்ற ஊனப் பென்ஷனைத் தோண்டுவாங்க. சங்கத்துல செயலாளரா இருக்கேன். எத்தனை பேருக்கு நான் மனு எழுதிக் கொடுத்திருக்கேன்! அவங்க மூஞ்சியிலயெல்லாம் எப்படி முழிக்கிறது?"

"அதனால இன்னிக்கும் காது நல்லாருக்குன்னு வந்துட்டா, பழைய டெஸ்ட்டை யாரும் கிளற மாட்டாங்க. அதுக்குத்தான் காரோட வந்தியா?"

"ஐயோ, இல்லம்மா!" என்றார் அண்ணன். பிறகு, "எனக்கே தெரியலை" என்றார்.

முதல் பதில் டாண் என்று வந்தது. இரண்டாவது பதில் திக்கி வந்தது. இரண்டில் எதை நம்புவது என்று டீச்சருக்குத் தெரியும்.

"மதியம் குழு முன்னாடி வந்து இதைச் சொல்லு."

படியிலிருந்து எழுந்து, "வர்றேன்" என்றார் கம்பவுண்டர். "நானே சொல்றேன். என் தங்கச்சி மேல ஆணை."

ஆணை வைத்துச் சத்தியம் செய்கிற பிள்ளைகளையும் டீச்சர் நிறையப் பார்த்திருக்கிறாள்.

* * *

குழு கூடும் கட்டிடத்தின் வராந்தாவில் கணவரைத் தன் முகத்துக்கு நேராக உட்கார வைத்துக்கொண்டு, உதடு தெரிய எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்தில் அவர்கள் வக்கீலம்மா. கனத்த பையும் கலைந்த தலையுமாக, இலவச சட்ட உதவிக்காக அனுப்பப்பட்டவள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் களை வந்துவிட்டது.

"இது ஒண்ணுதான் நமக்கு வேணும்! பழைய டெஸ்ட் விழுந்துட்டா அவங்க கட்சியே விழுந்துடும். உங்க மச்சான் சாட்சி சொல்லட்டும்."

கொஞ்சம் தள்ளி, வராந்தா கோடியில் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார் கம்பவுண்டர். டீச்சர் பார்ப்பதைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். டீச்சருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பீரங்கி குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் தானா அமுக்கிடுச்சு டீச்சர். மச்சான் விரல் அசைஞ்சதுமே என் விரல் போயிடுச்சு. பாஸ் பண்ணணும்கிற ஒரே நினைப்பு. ஃபெயில் ஆகத்தான் வந்திருக்கோம்னு மறந்தே போச்சு."

வேறு நேரமாக இருந்தால் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"உள்ள கேட்டா அண்ணன் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஏங்க!"

"தட்டுனவனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. அது எங்களுக்குள்ள உள்ள கட்டுப்பாடு. மச்சானே வந்து சொல்லட்டும். சொல்லுவான்."

"சொல்லலன்னா?"

"நீ எதையும் நம்ப மாட்டே. உப்பு டப்பாவைத் திறந்தாக்கூட நாக்குல வெச்சுப் பார்த்துட்டுத்தான் உப்புன்னு ஒத்துக்குவே!" என்று முழங்கினார். வராந்தாவில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவன் என் மச்சான் மட்டும் இல்ல டீச்சர். குண்டு விழுந்த இடத்துல என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினவன். சொல்லுவான்."



* * *

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், நரைத்த மீசைக்காரர். அவருக்கு ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் பென்ஷன் பிரிவின் அதிகாரி அம்மாள். தலைவருக்கு உதடு அசையாமல் பேசுகிற வழக்கம். ஆகவே கேட்கிற கேள்வியையெல்லாம் வக்கீலம்மா பெரிய எழுத்தில் எழுதிக் காட்ட, பீரங்கி படித்துப் பதில் சொன்னார்.

இன்றைய காது முடிவில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. டாக்டர், "கடுமையான பாதிப்புதான்" என்று தலையசைத்தார். எதிர்பார்த்தபடியே பேச்சு பழைய டெஸ்ட்டுக்கு வந்து நின்றது.

"அப்போது காது நன்றாக இருந்ததாகப் பதிவாகியிருக்கிறதே?"

"இல்லை சார். ஒருத்தர் விரல் தட்டினார். நான் பார்த்து அமுக்கினேன்" என்றார் பீரங்கி. அறை அதிர்ந்தது. அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"தட்டியது யார்?"

வக்கீலம்மா எழுதிக் காட்டினாள். பீரங்கி படித்தார். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை அவரே சொல்லுவார் சார்."

தலைவரின் புருவம் ஏறியது. ஆளைக் காட்டாத கதையை யார் நம்புவார்? டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துவிட்டாள்.

"ஐயா, தட்டினது என் அண்ணன். அந்த ஆஸ்பத்திரியில உதவியாளரா இருந்தவர். வெளில இருக்கார்."

வெளியில் இருக்கிறாரா? சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. கார் சாவி அவரிடம்தான் இருக்கிறது. கதவு திறக்கும், ஆள் இல்லை என்று சிப்பந்தி வந்து நிற்பான் என்றே எதிர்பார்த்தாள்.

ஆனால் கம்பவுண்டர் வந்தார். நிமிர்ந்த நடையோடு நேராக உள்ளே வந்தார். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

சாட்சி நிற்கிற இடம் பீரங்கிக்கு முன்னால், குழுவைப் பார்த்தபடி இருந்தது. பீரங்கிக்குத் தெரிந்தது மச்சானின் முதுகு மட்டும்தான். எழுதிக் காட்ட வேண்டிய வக்கீலம்மாவோ சாட்சியிடம் கேள்வி கேட்க எழுந்து போய்விட்டாள்.

"வெளியேறும்போது நடந்த அந்தக் காது பரிசோதனையில் உதவியாளராக இருந்தது நீங்கள்தானே?"

கம்பவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சங்கக் கூட்டத்தில் பேசுகிற தோரணையில், ஆனால் தணிந்த குரலில் சொன்னார்.

"இல்லைங்க. அந்தச் சமயம் நான் அந்தப் பிரிவில் டியூட்டியில் இல்லை."

வக்கீலம்மா திகைத்தாள். "காலையில் இவருக்கு நீங்கள் விரல் தட்டியதாக..."

"முதுகு வலி இருக்கிறவன் நான். நின்றால் கை கால் அசையத்தான் செய்யும்." சற்று நிறுத்தி, "தங்கச்சி கஷ்டத்தில் இருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் டீச்சரை அறைந்தது. காட்டிக் கொடுக்கவில்லை என்பதோடு நிற்காமல், அவளைப் பொய்க்காரியாக்கி, மேலே பெரிய மனசு பண்ணி மன்னித்தும் விட்டார். தலைவர் மெதுவாகத் தலையசைத்துவிட்டு ஏதோ எழுதத் தொடங்கினார். அதிகாரி அம்மாள் டீச்சரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வை டீச்சருக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை ஹாலில் அவளே எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த பார்வை.

எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது.

பக்கத்தில் பீரங்கியின் கை அவள் முழங்கையை இறுகப் பற்றியது. திரும்பினாள். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. மச்சான் நிமிர்ந்து நின்று பேசியதைப் பார்த்தார். தலைவர் தலையசைத்ததைப் பார்த்தார். அவர் எழுதுவதையும் பார்த்தார். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அவருக்கு வேறென்ன வேண்டும்? மனைவியின் கண்ணில் தண்ணீரையும் பார்த்தார், அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

"சொல்லிட்டான் பாத்தியா!" என்றார், தன் வழக்கமான குரலில். "என் மச்சான் சொல்லுவான்னு சொன்னேன்ல? நீ யாரைத்தான் டீச்சர் நம்புவே?"

அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. கம்பவுண்டருக்கும் கேட்டது. அவர் திரும்பவில்லை.